தொற்றுக் காலத்தில் வெளிநாடு: போவதா, தள்ளிப்போடுவதா?

டிக்கெட் போட்ட பிறகுதான் பெரும்பாலும் செய்தி வருகிறது. மகளுக்குப் பிரசவ நாள் குறித்தாகிவிட்டது, விசா வந்துவிட்டது, பிரசவ லேகியத்தைக் கிளறி டப்பாவில் அடைத்தாயிற்று. அந்த வாரம் பார்த்து, போகிற நாட்டில் ஒரு வைரஸ் பரவுகிறது என்று டிவியில் ஓடுகிறது. "இந்த நேரத்துல எதுக்கு, பேசாம கேன்சல் பண்ணிடலாம்" என்கிறார் வீட்டில் ஒருவர். "அங்க லட்சக்கணக்குல ஜனங்க இருக்காங்க, நமக்கு மட்டும் வந்துடப்போகுதா" என்கிறார் இன்னொருவர். அந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது என்று இருவரும் கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்பது அதற்கு அப்புறம்.

போவது, ரத்து செய்வது என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைத்துக்கொள்வதும் தவறு. தேதியைத் தள்ளிப்போடலாம். போகிற ஆளை மாற்றலாம். இடையில் இறங்கி ஏறும் ஊரை மாற்றலாம். இந்த மூன்றும்தான் பல குடும்பங்களுக்கு உண்மையில் உதவுகிறவை.

கொசுவா, கையா, காற்றா

கொசுவால் பரவும் நோய் என்றால், போகிற ஊரை நம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2017-இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த நாடு அதுவரை காணாத அளவு. ஆனால் சென்னையிலோ மதுரையிலோ இருக்கிறவர் டெங்குவுக்குப் பயந்து கொழும்புக்குப் போகாமல் இருப்பதில் பெரிய பொருள் இல்லை. அதே ஏடிஸ் கொசு நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடுகிறது. பகலில் கடிக்கும் கொசு அது என்பதால், கை கால் மூடிய உடுப்பும் பூசிக்கொள்ளும் கொசு விரட்டியும் பகலிலேயே வேண்டும். ராத்திரி கொசுவலை மட்டும் போதாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் கூடுதலாக இருக்கட்டும். ஏற்கெனவே டெங்கு வந்து போனவருக்கு வேறு வகை டெங்கு தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர் பெரிய பரவல் நடக்கும் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

ஜிகா வேறு மாதிரி. கொசு அதே கொசுதான், ஆனால் ஆபத்து எல்லாருக்கும் ஒன்றல்ல. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே தெரியாது. தெரிகிறவர்களுக்கு நாலு நாள் காய்ச்சலும் தடிப்பும். கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தை தலை சிறுத்து, மூளை வளர்ச்சி குன்றிப் பிறக்கக்கூடும். பிரேசிலில் இதைப் பார்த்துத்தான் 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரியோவில் ஒலிம்பிக். போட்டியையே நிறுத்த வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. நிறுவனம் சொன்னது, கர்ப்பிணிகள் போக வேண்டாம், மற்றவர்கள் பாதுகாப்போடு போகலாம் என்று. ரியோவுக்கு ஆகஸ்ட் குளிர்காலம், கொசு குறைவு. போட்டி முடிந்த பிறகு, வீரர்களிடமும் வந்துபோனவர்களிடமும் உறுதிசெய்யப்பட்ட ஜிகா தொற்று எதுவும் பதிவாகவில்லை. ஒரே ஊர், ஒரே விமானம். கணவன் போகலாம், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற மனைவி போகக் கூடாது. போய் வந்த கணவனுக்கும் ஒரு கடமை உண்டு. ஜிகா உடலுறவு வழியாகவும் தொற்றும். மனைவி கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரையிலும், பிள்ளைக்கு முயற்சி செய்கிறவர்கள் என்றால் மூன்று மாதமும் ஆணுறை அவசியம். இதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பல மருத்துவர்களே விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத விஷயம்.

எபோலா தொடுதலால் பரவுவது. நோய் வெளிப்பட்டவரின் ரத்தம், வாந்தி, பேதி, இறந்தவரின் உடல் இவற்றைத் தொடுவதால்தான் பெரும்பாலும் வரும். 2013 டிசம்பரில் தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்கப் பரவலில் 28,600 பேர் வரை நோயுற்று, 11,300-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லாமே கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளில். அந்த நேரத்தில் கென்யாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் சுற்றுலா போகவிருந்தவர்கள்கூட ரத்து செய்தார்கள். லைபீரியாவிலிருந்து பார்த்தால் கென்யாவைவிட ஸ்பெயின் பக்கம். ஆகவே கண்டத்தின் பெயரைக் கேட்டு மிரளாமல், வரைபடத்தை விரித்து மாவட்டத்தைத் தேடுங்கள். போகிறவர் அங்கே என்ன வேலை செய்யப்போகிறார் என்பதும் முக்கியம். பாலம் கட்டப் போகும் எஞ்சினீயருக்கும் வார்டில் நிற்கப் போகும் நர்ஸுக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. நர்ஸாகப் போகிறவர், பாதுகாப்புக் கவச உடை தருவார்களா, பயிற்சி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே விமானம் ஏற வேண்டும்.

காற்றில் பரவுவதுதான் கஷ்டமான கணக்கு. 2003 பிப்ரவரி 21 அன்று ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில் ஒன்பதாவது மாடியில் ஒரு மருத்துவர் தங்கினார். சீனாவின் குவாங்டாங்கில் சார்ஸ் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். அவர் தங்கியது ஒரே ராத்திரி. அதே ஹோட்டலில் இருந்த விருந்தினர்கள் வழியாக நோய் டொராண்டோ, சிங்கப்பூர், ஹனோய் என்று போய்ச் சேர்ந்தது. கடைசிக் கணக்கில் 8,098 பேர் நோயுற்றார்கள், 774 பேர் இறந்தார்கள். அந்த விருந்தினர்கள் யாரும் குவாங்டாங்குக்குப் போக வேண்டியிருக்கவில்லை. செய்தியில் பெயர் அடிபடும் ஊரைத் தவிர்த்தால் போதும் என்ற நினைப்பு, காற்றில் பரவும் நோயிடம் செல்லாது.

விமானத்துக்குள் காற்று மோசமில்லை. மணிக்கு 20 முறைக்கு மேல் மாறுகிறது, நுண்வடிகட்டி வழியாகத்தான் திரும்பி வருகிறது. ஆனாலும் பக்கத்து இரண்டு வரிசை மட்டும்தான் ஆபத்து என்று நம்பிவிட வேண்டாம். அதே 2003 மார்ச்சில் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன ஒரு விமானத்தில் ஒரே நோயாளியிடமிருந்து 22 பேர் வரை தொற்றியிருக்கலாம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அவர்களில் பலர் தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள். இமிகிரேஷன் வரிசை, விமானத்துக்கு ஏற்றிப்போகும் பஸ், கதவு திறக்குமுன் எல்லாரும் எழுந்து நெருக்கி நிற்கும் அந்தப் பத்து நிமிடம், இங்கெல்லாம் என்95 மாஸ்க் மூக்கை விட்டு இறங்கக் கூடாது.

தடுப்பூசி இருக்கிற நோய் என்றால் யோசனை சுருங்கிவிடும். தட்டம்மைக்கு இரண்டு டோஸ் போட்டவர் போகலாம். முதல் டோஸுக்கு வயது வராத கைக்குழந்தையோடு பரவல் நடக்கிற ஊருக்குப் போகாதீர்கள். மஞ்சள் காய்ச்சலில் விதி கறாரானது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால், ஊசி கிடைத்தாலும் பயணம் கிடைக்காது. அந்த நோயுள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். 60 வயதுக்கு மேல் முதல்முறை இந்த ஊசி போடுவதில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல் என்பதால், பெரியவர்கள் டாக்டரிடம் பேசிவிட்டே போட வேண்டும். பயணம் தள்ளிப்போடக்கூடியது என்றால் அவர்கள் ஊசியையும் தவிர்த்து, பயணத்தையும் தவிர்ப்பது மேல்.

கதவு மூடினால்

நோய் வராமலே பயணம் நாசமாகலாம். கொரோனா பரவலால் 2020 மார்ச் 17 அன்று, மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து இந்தியாவுக்குப் பயணிகள் வருவது உடனடியாகத் தடைசெய்யப்பட்டது. இந்திய நேரம் மாலை 3 மணிக்கு மேல் அங்கிருந்து விமானம் கிளம்பக் கூடாது. மணிலாவிலிருந்து புறப்பட்டு கோலாலம்பூரில் விமானம் மாறக் காத்திருந்த நம் மாணவர்கள் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு நோய் இல்லை, மலேசியாவில் வேலையும் இல்லை. இடையில் இறங்கிய ஊர் அது, அவ்வளவுதான். மார்ச் 22-லிருந்து சர்வதேசப் பயணிகள் விமானமே நின்றது. மீட்பு விமானங்கள் மே 7-இல்தான் தொடங்கின. ஜூன் 2 அன்று ஐஎன்எஸ் ஜலஷ்வா கொழும்பிலிருந்து 680-க்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிற இலங்கையிலிருந்து ஊர் திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல், அதுவும் போர்க்கப்பலில். வழக்கமான சர்வதேச விமான சேவை முழுதாகத் திரும்பியது 2022 மார்ச் 27-இல்.

எனவே புது வைரஸ் என்றால் நான் கேட்கும் கேள்வி இது: திட்டமிட்டதைவிட இரண்டு மாதம் கூடுதலாக அங்கே இருக்க நேர்ந்தால் தாக்குப்பிடிப்பீர்களா? தங்க இடம், விசா நீட்டிப்பு, பணம், மாத்திரை. சுகர், பிரஷர் மாத்திரையை மூன்று மாதத்துக்கு வாங்கி, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் வேண்டாம். முடிந்தவரை நேரடி விமானம் பிடியுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டால், முதல் விமானம் நின்றதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. இந்தக் கேள்விக்கு 'முடியாது' என்பது பதிலானால், தள்ளிப்போடுங்கள். புது நோயைப் பற்றி முதல் இரண்டு வாரத்தில் தெரியாதவை பல, இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கு இதே கணக்கு தலைகீழாக ஓடும். அவருக்கு ஆபத்து ஊருக்கு லீவில் வருவதில் இருக்கிறது. அமீரகத்தில் சாதாரணமாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா போய்விடும். 2020-இல் ஒரு மாத லீவுக்கு வந்து வேலையை இழந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அங்கே இருப்பவர் லீவைத் தள்ளிப்போடட்டும். இங்கே வந்துவிட்டவர் லீவைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பட்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயமாக இருக்கிறது என்று நீங்களே ரத்து செய்தால் சாதாரண டிராவல் இன்ஷூரன்ஸ் தராது. செய்தி வந்த பிறகு எடுக்கும் பாலிசி, அந்த நோயையே விலக்கி வைத்திருக்கலாம். விமான கம்பெனியே ரத்து செய்தால் பணம் திரும்பி வரும். அதனால் செய்தி பார்த்த ராத்திரியே கேன்சல் பட்டனை அழுத்த வேண்டாம். பரவல் பெரிதானால் கட்டணமில்லாமல் தேதி மாற்றிக்கொள்ளக் கம்பெனிகள் இடம் தருவது வழக்கம். அதற்காகச் சில நாள் பொறுக்கலாம்.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது

சுற்றுலாவா, தள்ளிப்போடுங்கள். அங்கோர்வாட் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். சொகுசுக் கப்பல் பயணம், காற்றில் பரவும் நோய்க் காலத்தில் கூடவே கூடாது. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. உம்ரா போவதாக இருந்தாலும் திரும்பக் கிடைக்காதபடி பணம் கட்டாதீர்கள். 2020 பிப்ரவரி 27 அன்று சவுதி ஒரே அறிவிப்பில் வெளிநாட்டு யாத்திரிகர்களை நிறுத்தியது.

பெற்றவர்கள் கடைசி மூச்சில் இருக்கிறார்கள் என்றால், உடம்பு இடம்கொடுத்தால் போங்கள். தள்ளிப்போட முடியாதது அது ஒன்றுதான். மாஸ்க், தனிமை, பரிசோதனை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு போங்கள்.

பிரசவம் பார்க்கப் போகும் அம்மாவின் விஷயத்தில்தான் மனசு அதிகம் தவிக்கிறது. மகள் தனியாக இருக்கிறாள், போகாமல் இருக்க முடியாது. ஆனால் அம்மாவுக்கு 68 வயது, சுகர், போன வருடம் ஸ்டென்ட் வைத்தது. மூச்சுத்தொற்று பரவுகிற ஊருக்கு அவரை அனுப்பினால், பிள்ளை பெற்றவள் தன் தாயையும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க நேரிடும். பெரும்பாலான பாலிசிகள் ஏற்கெனவே இருந்த நோயால் வரும் செலவை ஏற்பதில்லை. அமெரிக்காவில் ஐசியூ செலவு ஒரு வீட்டின் விலைக்குப் போகும். இங்கேதான் ஆளை மாற்றும் வழி கைகொடுக்கிறது. 45 வயது சித்தி ஒன்றரை மாதம் போய் இருக்கலாம். பரவல் தணிந்ததும், குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் அம்மா போகலாம். சித்தியைக் கேட்கத் தயங்குகிறோம். கேட்டால் பல வீடுகளில் மறுப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் போக வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். அந்த நிறுவனம் அப்படிச் சொல்வதே அபூர்வம். 2003-இல் சார்ஸுக்காக ஹாங்காங், டொராண்டோ போன்ற இடங்களுக்குச் சொன்னது. அது நாடுகளின் எல்லையையும் வணிகத்தையும் மனதில் வைத்துப் பேசும். உங்கள் அம்மாவின் நுரையீரலைத் தெரிந்தவர் உங்கள் குடும்ப டாக்டர். நோய் எங்கே, எப்படிப் பரவுகிறது என்பதை அந்த நிறுவனத்தின் அறிக்கையிலும், நுழைவு விதிகளை அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பிலும் பாருங்கள். போகலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

போனவர் திரும்பி வந்த பிறகும் மூன்று வாரம் கவனமாக இருக்க வேண்டும். எபோலா வெளிப்பட 21 நாள் வரை ஆகும், மெர்ஸ் என்ற மூச்சுத்தொற்றுக்கு 14 நாள் வரை. விமான நிலையத்தில் காய்ச்சல் பார்க்கும் கேமரா, இன்னும் காய்ச்சலே வராதவரைக் கண்டுபிடிக்காது. பாராசிட்டமால் போட்டு அதை ஏமாற்றுவது வீட்டில் உள்ளவர்களுக்குச் செய்யும் துரோகம். 2015-இல் வளைகுடா நாடுகளுக்குப் போய்த் திரும்பிய ஒரே பயணியிடம் தொடங்கி தென் கொரியாவின் மெர்ஸ் பரவல் 186 பேரைத் தொட்டது. அவர் நோய் கண்டுபிடிக்கப்படுமுன் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளுக்கு அலைந்திருந்தார். தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு மருத்துவமனைகளில்தான் தொற்றியது. எனவே திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் கிளினிக் வரிசையில் போய் உட்காராமல் முதலில் போன் செய்யுங்கள். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வதற்கு முன்பே, எந்த நாட்டிலிருந்து, எந்த ஊர் வழியாக, எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.