மின் கித்தாருக்கு ஓர் ஓவர்டிரைவ் சுற்று

1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டைகளால் ஓசூர் பெரிதும் வளர்ந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளில் மின்னணுத் தொழிலை நாடும் மாணாக்கர் பலர். பெருக்கியில் அலையின் உருத் திரிதல் குற்றம் என்பது அவர்கள் கற்கும் பாடம். மின் கித்தார் வாசிப்போரோ அத்திரிபையே வேண்டுவர். அதனை அளவோடு உண்டாக்கும் ஓவர்டிரைவ் சுற்றினை ஈண்டு ஆராய்வோம்.

வேண்டுவன: 9 வோல்ட் மின்கலம், டி.எல்.071 என்னும் செயற்பாட்டுப் பெருக்கி, 1என்4148 டையோடு இரண்டு, சில மின்தடைகள், மின்தேக்கிகள். இத்தகைய உறுப்புகள் ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் எஸ்.பி. சாலைக் கடைகளிற் கிடைக்கும்.

முதலாவது, அலைக்கு நடுநிலை அமைத்தல். கித்தாரின் அலை நேர், எதிர் என இருபுறமும் அசைவது; ஒற்றை மின்கலத்திலோ சுழிக்குக் கீழே இடமில்லை. ஆதலின் 10 கிலோ ஓம் தடைகள் இரண்டால் மின்னழுத்தத்தைப் பகுத்து 4.5 வோல்ட் பெறுகிறோம். அந்நிலை அசையாதிருக்க, அங்கிருந்து நிலத்துக்கு 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைக்கிறோம். அலை 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியே பெருக்கியின் நேர் முனையை அடையும். அம்முனையை 1 மெகா ஓம் தடையால் 4.5 வோல்ட்டோடு பிணைத்தல் வேண்டும். மறப்பின் சுற்று செவ்வனே இயங்காது.

இரண்டாவது, பெருக்கம். எதிர் முனையிலிருந்து நிலத்துக்கு 4.7 கிலோ ஓம் தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக நிற்கும். வெளி முனையிலிருந்து எதிர் முனைக்கு 51 கிலோ ஓம் தடையும் 500 கிலோ ஓம் மாறுதடையும் தொடராக நிற்கும். மாறுதடையைத் திருப்பப் பெருக்கம் சுமார் 12 மடங்கு முதல் 118 மடங்கு வரை உயரும். ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழ்சுரங்கள் குறைவாகவே பெருகும். அதனால் ஒலி குழம்பாது.

மூன்றாவது, டையோடுகள். இவையே சுற்றின் உயிர். இரண்டையும் எதிரெதிர்த் திசையில், அப்பின்னூட்டத் தடைகளுக்கு இணையாகப் பற்றவைத்தல் வேண்டும். ஒரே திசையில் வைப்பின் அலையின் ஒரு பாதியே திரியும். 0.1 வோல்ட் அலை 12 மடங்கானால் 1.2 வோல்ட் ஆகவேண்டும். ஆயினும் 0.6 வோல்ட்டை அணுகுங்கால் டையோடு வழிவிடும். பெருக்கம் தானே தளரும். முகடு வெட்டுண்ணாது மழுங்கும். அம்மழுங்கலிலிருந்து ஒற்றைப்படை மேற்சுரங்கள் பிறக்கும். மெல்ல மீட்டின் ஒலி தெளிவாயிருக்கும். வன்மையாக மீட்டின் உறுமும். 1979-இல் ஐபனேஸ் நிறுவனம் வெளியிட்ட டியூப் ஸ்க்ரீமர் பெட்டியும் இம்முறையினதே.

வெளி முனையில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 100 கிலோ ஓம் ஒலியளவு மாறுதடையும் சேர்ப்பின் சுற்று நிறைவுறும்.

இதனை ஆய்வகத்து ஆசிலோஸ்கோப்பில் இணைத்து, டையோடுகளோடும் அவையின்றியும் அலையைக் கண்டு ஒப்பிடுக. திரிபு பிறக்கும் வழியை இங்ஙனம் கண்ணாற் கண்ட மாணாக்கர், நாளை ஆலையில் அதனை நீக்கவும் வல்லவராவர்.