நாட்பட்ட வலியும் மகளிர் நலக் கொள்கையும்

வலி என்பது நோயின் அறிகுறி மட்டுமே என்பது மருத்துவத் துறையில் நெடுங்காலம் நிலவி வந்த கருத்தாகும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியைத் தனியே கவனிக்க வேண்டும் என்பது பின்னரே ஏற்கப்பட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாட்டில் நாட்பட்ட வலிக்குத் தனி இடம் தரப்பட்டுள்ளது. முடக்குவாதம், ஒற்றைத் தலைவலி போன்றவை ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகின்றன. எனவே, இப்பிரச்சினை மகளிர் நலனோடு நெருங்கிய தொடர்புடையதாகும்.

ஆராய்ச்சியில் இடைவெளி

1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கருத்தரிக்கக்கூடிய வயதுடைய பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாமெனப் பரிந்துரைத்தது. கருவிலுள்ள குழந்தையைக் காப்பதே இதன் நோக்கம். ஆயினும், பெண் உடலில் மருந்து செயல்படும் விதம் பற்றிய அறிவு இதனால் குன்றியது. 1993இல் இந்நிலை மாற்றப்பட்டது. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதத்தினரைப் பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எனினும், அது கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாதவிடாய் வலி இயல்பானதே என்ற எண்ணம் இதற்கு முக்கிய காரணமாகும்.

கொள்கையின் விளைவு

நமது நாட்டில் மகளிர் நலத் திட்டங்கள் பேறுகாலத்தையும் குடும்பநலத்தையும் மையமாகக் கொண்டே வளர்ந்தன. 2018இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழங்குகிறது. ஆனால், நாட்பட்ட வலிக்குத் தேவையான தொடர் மருந்துகளும் உடற்பயிற்சி சிகிச்சையும் பெரும்பாலும் புறநோயாளிச் சேவைகளாகும். இவை இதில் அடங்குவதில்லை. அறுவைக்குப் பணம் உண்டு, நீண்ட கவனிப்புக்கு இல்லை என்ற நிலையில், சிகிச்சையும் அறுவையின் பக்கமே சாய்கிறது.

இதற்கு மகாராஷ்டிர மாநிலத்தின் பீட் மாவட்டம் சான்றாகும். அங்கிருந்து கரும்பு வெட்டச் செல்லும் பெண்கள் ஒருநாள் வராவிடினும் அபராதம் செலுத்த நேர்ந்தது. வலியும் உதிரப்போக்கும் கூலியை இழக்கச் செய்தன. கருப்பையை அகற்றுவதே தீர்வென்று பலருக்குக் கூறப்பட்டது. 2019இல் அரசுக் குழு ஆராய்ந்த 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களில் 13 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கருப்பையை இழந்திருந்தனர். சினைப்பைகளும் அகற்றப்பட்டால், மாதவிடாய் முன்கூட்டியே நின்று எலும்புத் தேய்வு ஏற்பட வாய்ப்புண்டு. பழைய வலி நீங்கப் புதிய வலி தொடங்குகிறது.

2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில் முதன்முறையாகக் கருப்பை அகற்றம் பற்றி வினவப்பட்டது. அளவு மிகுந்த உதிரப்போக்கும் வலியுமே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டன. அறுவைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. 2022இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை மாநிலங்கள் செயற்படுத்த வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் வலியின் கால அளவையும் தன்மையையும் பதிவு செய்யும் முறை வேண்டும். இரண்டாவதாக, அறுவைக்கு முன் மருந்துச் சிகிச்சை முயலப்பட்டதா என்பதைத் தணிக்கை செய்தல் வேண்டும். மூன்றாவதாக, ஆய்வு முடிவுகளை ஆண், பெண் என வகைப்படுத்தி வெளியிடுதல் வேண்டும். நான்காவதாக, தொழிலாளர் நலத்துறையும் சுகாதாரத்துறையும் இணைந்து செயற்படுதல் வேண்டும். விடுப்புக்கு அபராதம் விதிக்கும் வேலைமுறை நீடிக்கும்வரை, மருத்துவ நெறிமுறைகள் மட்டும் பெண்ணைக் காக்க இயலாது.