பிரெஞ்சு தெரியாத பிரான்ஸ்

கேள்வி: மக்கள் எல்லோரும் ஒரே மொழி பேசியதால்தானே பிரான்ஸ் ஒரே தேசமானது? நம்மைப் போல அங்கே மொழிச் சிக்கல் இருந்ததில்லையே?
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியைப் பாதிரியார் கிரெகுவார் படித்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார். பிரெஞ்சுப் புரட்சியில் பங்கெடுத்தவர் அவர். 1794இல் அவர் அளித்த அறிக்கையின்படி, 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சு அறவே தெரியாது. இன்னுமொரு 60 லட்சம் பேருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். நன்றாகப் பேசியவர்கள் 30 லட்சத்துக்குள்தான். நாட்டின் மக்கள்தொகையோ இரண்டரைக் கோடிக்கும் மேல்!

மற்றவர்களுக்கு பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க் என்று அவரவர் மொழி இருந்தது. பாரிஸ் இவற்றையெல்லாம் ‘பத்துவா’ என்றது. பட்டிக்காட்டுப் பேச்சு என்ற இளக்காரம் அதில் உண்டு.

ஆக, அங்கே அரசுதான் முந்தியது. ‘தேச அரசு’, அதாவது ஆட்சியின் எல்லையும் மக்களின் அடையாளமும் ஒன்றாக இருக்கும் அமைப்பு, பிறகு கட்டப்பட்டது. அமைச்சர் ஜூல் ஃபெரி 1881, 1882 சட்டங்களால் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார், கட்டாயமாக்கினார். பள்ளியின் மொழி பிரெஞ்சு. பிரெத்தோன் பேசப்பட்ட பிரெத்தானிப் பகுதியில் அன்று பல பள்ளிகளில், தாய்மொழியில் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை போன்ற ஏதாவது ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அதே குற்றத்தைச் செய்யும் இன்னொரு பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால்தான் அது கழுத்தைவிட்டு இறங்கும். வாத்தியாருக்கு வேலை மிச்சம், பிள்ளைகளே ஒற்றர்கள்.

ஆனால் வட்டார மொழிகள் தேய்ந்த பழி முழுவதையும் பள்ளிமேல் போடுவது சரியல்ல என்பது என் எண்ணம். ரயில் வந்தது. பிரெத்தானிப் பெண்கள் வீட்டுவேலை தேடிப் பாரிஸுக்கு ரயிலேறினார்கள். இளைஞர்களைக் கட்டாய ராணுவ சேவை அழைத்தது. பிரெஞ்சு தெரிந்தால் பிழைப்பு உண்டு என்று கண்ட பெற்றோர், பிள்ளைகளிடம் சொந்த மொழி பேசுவதைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். சட்டத்தைவிட இதுதான் ஆழமாக வேலை செய்தது.

இதில் ஒரு வேடிக்கை. 1882 மார்ச்சில் எர்னஸ்ட் ரெனான் என்ற அறிஞர் பாரிஸில் புகழ்பெற்ற உரை ஒன்றை ஆற்றினார். தேசத்தை ஆக்குவது மொழியோ இனமோ அல்ல, சேர்ந்து வாழும் விருப்பமே என்பது அவர் வாதம். ஜெர்மன் கிளைமொழி பேசிய அல்சாசை 1871இல் ஜெர்மனியிடம் பறிகொடுத்த நாட்டுக்கு அந்த வாதம் தேவைப்பட்டது. அதே மார்ச் மாதக் கடைசியில்தான் ஃபெரியின் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தது!

குடியரசின் மொழி பிரெஞ்சு என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தது 1992இல்தான். பாடம் முழுவதையும் பிரெத்தோன் போன்ற வட்டார மொழியிலேயே நடத்தும் முறையை 2021இல் அரசியலமைப்பு மன்றம் ஏற்க மறுத்தது. மொழிச் சிக்கல் அங்கே இன்னும் தீரவில்லை, ஐயா.