பெயர் அறிவியா மாறிகள்: நிரலும் சுவடியும்

முன்னோர் எழுதியதைப் பின்னோர் பிழை நீக்கிப் பயன்கொள்ளும் பணி தமிழுலகிற்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் செய்ததும் அதுவே. ஓசூர், குருபரப்பள்ளி வட்டாரத் தொழிற்கூடங்களில் பணியேற்கும் நம் மாணவர்க்கும் இப்பணி வேறு வடிவில் வந்து சேரக்கூடும். எழுதியவர் விட்டுச் சென்ற பழைய கணினி நிரலே அவ்வடிவம்.

நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயரை மாறி என்பர். அது எத்தகைய மதிப்பைத் தாங்கும் என முன்கூட்டிச் சொல்வது அறிவிப்பு. 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் அறிவிப்புக் கட்டாயமன்று. ஆங்கில எழுத்துகளுள் 'ஐ' முதல் 'என்' வரையிலானவற்றில் தொடங்கும் பெயர்களை முழு எண் எனவும், ஏனையவற்றைப் பின்ன எண் எனவும் அதுவே கொண்டது. எனவே 'என்' எழுத்தில் தொடங்கும் பெயரில் 3.5 என இட்டால் 3 மட்டுமே தங்கும்.

எக்செல் கணக்குகளில் இன்றும் வழங்கும் விஷுவல் பேசிக் நிரல்களில் இடர் வேறு. ஊதியக் கணக்கொன்றைத் தமிழில் எழுதிப் பார்ப்போம். 'சம்பளம்' 12,000; 'படி' 3,000. கூட்டும் வரியில் 'சம்பலம்' என எழுதிவிட்டால், கணினி அதனைப் புதிய மாறியாகக் கொண்டு, அதன் வெறுமையைச் சுழியமாகக் கருதி, 3,000 என்றே விடை தரும். பிழைச் செய்தி ஏதும் வாராது. லகர ளகர மயக்கம் ஒரு தொழிலாளியின் கூலியைக் கெடுத்துவிடும்.

சுவடியிலும் இந்நிலை இருந்தது. ஏட்டில் புள்ளியிடாமையால் 'கொடி', 'கோடி' இரண்டும் ஒரே வடிவில் நின்றன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தம் அம்மயக்கத்தைப் போக்கிற்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடங்கண்டார்.

நிரல் திருத்துவோர்க்கும் அந்நெறியே ஏற்றது. முதலில் பழைய நிரலைப் படியெடுத்து வைத்து, தெரிந்த தரவுகளுக்கு அது தரும் விடைகளைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர், விஷுவல் பேசிக்காயின் 'ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்', ஃபோர்ட்ரானாயின் 'இம்ப்ளிசிட் நன்' என்னும் கட்டளையை உரிய இடத்தில் இடுதல் வேண்டும். அறிவிக்கப்படாத பெயர்களைக் கணினியே சுட்டிக்காட்டும். அவற்றுள் அறிவிக்க மறந்தவை எவை, எழுத்துப் பிழையால் பிறந்தவை எவை எனப் பிரித்தறிதல் அடுத்த படி. மறந்தவற்றை முன்பிருந்த வகையிலேயே அறிவித்தல் நலம். வகையை மாற்றினால், வெட்டுண்ட பின்னம் மீண்டு விடை மாறும். அம்மாற்றம் திருத்தமா, கேடா என்பதைக் கணக்கறிந்தாரைக் கேட்டே துணிதல் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் விடைகளை ஒப்பிட்டுக் குறித்து வைத்தலும் இன்றியமையாதது.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் விளங்கிய அறிஞர் அல்-குவாரிஸ்மி, அறியாத எண்ணிற்கும் 'பொருள்' என்னும் கருத்துடைய 'ஷை' என்ற பெயரிட்டே கணக்கைத் தொடங்கினார். 'அல்காரிதம்' என்னும் சொல் அவர் பெயரினின்று பிறந்தது. அறியாததையும் பெயரிட்டு அறிவித்தல் அறிவின் முதற்படி என்பதை இதனால் உணரலாம்.

பிறர் விட்டுச் சென்ற நிரல் நம் கையில் ஓர் அமானிதம். அதனைத் தெளிவாக்கி அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே நம் கடனாகும்.