பாட்டியின் பானையும் சுரபுன்னைக் காடும்

அன்புள்ள தம்பி,

பிச்சாவரம் போய்வந்து நீ எழுதிய கட்டுரையில் ‘சுரபுன்னைக் காடு சல்லடைபோல் சேற்றை வடிகட்டுகிறது’ என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தேன். ஏன் என்று கேட்டிருக்கிறாய்.

சல்லடைக்குக் கண் உண்டு. அது மண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அந்தக் காட்டு வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்களுக்கு நடுவே உன் விரல் தாராளமாக நுழையும். களித்துகளோ மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்கு. எந்தக் கண் அதைப் பிடிக்கும்?

விட்டம் பாதியானால் அமிழும் வேகம் கால்வாசியாகும் என்பது ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதி. அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க 20 மைக்ரான் வண்டலுக்கு முக்கால் மணி போதும். 2 மைக்ரான் களிக்கு மூன்று நாளுக்கு மேலாகும். கழிமுகத்தில் ஓதமோ சுமார் 6 மணிக்கொருமுறை திரும்பிவிடுகிறது. பின் களி எப்படிப் படிகிறது?

என் பாட்டி கலங்கல் தண்ணீரை ஊற்றுமுன் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை நாலு சுற்று உரைப்பாள். சற்று நேரத்தில் சேறு பஞ்சுபஞ்சாகத் திரண்டு அடியில் இறங்கும். கலித்தொகையிலேயே இது உவமையாக வருகிறது. அங்கே மரத்தின் பெயர் ‘இல்லம்’. கொட்டையின் பசை துகள்களை ஒட்டவைக்கிறது. கழிமுகத்தில் அந்த வேலை கடலுப்புக்கு. எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த களித்துகள்கள், உப்பு அந்தத் தள்ளலை அடக்கியதும் ஒட்டித் திரள்கின்றன. திரள் பெரிதானால் விரைந்து அமிழும்.

பானையை உரைத்துவிட்டால் பாட்டி யாரையும் தொடவிடமாட்டாள். ஆட்டினால் திரள் உடையும். காட்டுக்கும் அந்தக் காவல் வேலைதான். வேர்களில் மோதி நீர் தளர்கிறது, திரள் படிகிறது. வற்றம் திரும்பும்போதும் வேர்க்கூட்டத்துக்குள் அதைக் கிளப்ப வேகம் போதாது. வேரில் படர்ந்த பாசியிலும் கொஞ்சம் ஒட்டும்.

நெருக்கம் முக்கியம், தம்பி. நாலு கன்றை எட்ட எட்ட நட்டுப் படம் பிடித்துக்கொள்பவர்களுக்கு இது புரிவதில்லை. தனித்து நிற்கும் தண்டைச் சுற்றி நீர் சுழித்து, இருக்கிற மண்ணையும் தோண்டிவிடும்.

அடுத்த முறை படகில் போனால் இரண்டு பாட்டிலில் கழித் தண்ணீர் எடுத்து வா. ஒன்றை அசைக்காமல் வை. மற்றதை அவ்வப்போது குலுக்கு. மறுநாள் காலை இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபிறகு அந்த வரியை எழுது.

அன்புடன்,
உன் வாத்தியார்