ஐப்பசி மழையும் குழாய்த் தண்ணீரும்

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களிலும் பேரூராட்சிகளிலும் இருப்பவர்கள் உடனே கவனிக்க வேண்டியது குடிநீர்.

தெருமுனை வால்வுக் குழியை எட்டிப் பாருங்கள். மழைநீரும் சாக்கடையும் கலந்து நிற்கும். வீட்டு இணைப்புக் குழாய் பல இடங்களில் சாக்கடைக்குள்ளேயே போகிறது. தண்ணீர் விடும்போது உள்ளே அழுத்தம் இருப்பதால் அழுக்கு புகாது. நிறுத்தியதும் குழாய் காலியாகி, வெளியே நிற்பதை விரிசல் வழியே உறிஞ்சிக்கொள்ளும். இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து இழுத்தால் இது இன்னும் மோசமாகும். பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் குடிப்பார். தயவுசெய்து அந்த மோட்டாரைக் கழற்றிவிடுங்கள்.

தண்ணீர் திறந்ததும் வருவதைப் பாத்திரம் கழுவப் பிடியுங்கள். குடிக்க, நன்றாகத் தெளிந்த பிறகு பிடிக்கலாம். கலங்கலாகவே வந்தால் தெளியவைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சுங்கள். வெதுவெதுப்பாகச் சுடவைப்பது போதாது. தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

மாடித் தொட்டியைக் கழுவி நிரப்பியபின், 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனியாக ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். திறந்தே கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது.

ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால், ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பேரூராட்சிக்கும் அன்றே சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. குழாயில் கலங்கலும் குளோரின் வாடையும் வருகிறது என்று பலர் போர் தண்ணீருக்கு மாறுகிறார்கள். அது கண்ணாடிபோல் இருக்கும், ருசியும் உறுத்தாது. ஆனால் நம் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு அதில் இருக்கலாம். இந்தியத் தரநிலைப்படி அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. மீறினால், பல் உருவாகும் வயதிலுள்ள குழந்தைகளுக்குக் காவிக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியை இங்கே கொண்டுவந்ததே இதற்காகத்தான்.

காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். எனவே வீட்டு போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். முடிவு வரும்வரை அது துணி துவைக்கவும் வீடு கழுவவும் போதும். உலை வைக்கவும் பருப்பு வேகவைக்கவும் வேண்டாம்.