நாயோடு மல்லாடும் முறை

நாய் நன்றியுள்ளது என்று பள்ளிப் பருவத்திலேயே நாம் கட்டுரை எழுதிவிட்டோம். ஆனால், அந்த நன்றியுள்ள பிராணியோடு மல்லுக்கட்டி விளையாடுவது எப்படி என்று எவரும் நமக்குக் கற்பித்ததில்லை. ஐரோலியில் எங்கள் வீட்டில் மணி என்னும் நாட்டு நாய் ஒன்று வளர்கிறது. அதனோடு நாள்தோறும் மல்லாடுபவன் என்ற உரிமையில் சில கூற விழைகிறேன்.

குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுவதை அனைவரும் கண்டிருப்பீர்கள். கடி வலித்தால் ஒன்று கத்தும், ஆட்டத்தைவிட்டு விலகும். மற்றது தன் பல்லின் வலிமையை அடக்கக் கற்கும். எட்டு வாரம் நிரம்புமுன் தாயைப் பிரியும் குட்டிக்கு இப்பாடம் அரைகுறையாகவே நின்றுவிடும். எஞ்சியதை நாம்தான் கற்பிக்கவேண்டும். பல் கையில் பட்டவுடன் ஆட்டத்தை நிறுத்தி, கைகளைக் கட்டிக்கொண்டு அசையாது நில்லுங்கள். அது அடங்கியபின் மீண்டும் ஆடுங்கள். அடிக்க வேண்டா; அடி அச்சத்தைத் தரும், அச்சம் கடியில் முடியும்.

முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தினால், 'விளையாட வா' என்பது பொருள். உடல் விறைத்து, வெண்விழி தெரிய நோக்கினாலும், வாலை ஒடுக்கி ஒதுங்கினாலும், 'போதும்' என்பது பொருள். ஆட்டத்தில் உறுமுவதும் உண்டு; ஆதலின் உறுமலை மட்டும் கேளாது உடலையும் பாருங்கள்.

கயிறிழுப்பில் நாயை வெல்லவிட்டால் அது நம்மை மதிக்காது என்பர் சிலர். ரூனி, பிராட்ஷா என்னும் ஆய்வாளர்கள் 14 கோல்டன் ரிட்ரீவர் நாய்களோடு அவ்வாறே ஆடிப் பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இக்கூற்றுக்கு இடந்தரவில்லை. எனவே மணியும் வெல்லட்டும்! ஆனால் 'விடு' என்றால் விடவேண்டும். கைக்கும் பல்லுக்கும் இடையே எப்போதும் கயிறு இருக்கவேண்டும். பால்பல் விழும் பருவத்தில் வலிந்து இழுத்தல் ஆகாது.

இத்துணை விதிகள் எதற்கு என்பீர்களா? நம் அடுக்ககங்களில் நாயும் குழந்தையும் ஒரே மாடிப்படியில் இறங்குகின்றன. கையைக் கடித்து விளையாடப் பழகிய குட்டி, 42 பற்களோடு வளர்ந்தபின், அண்டைவீட்டுக் குழந்தையின் கையையும் விளையாட்டாகவே பற்றும். அன்று குற்றவாளி நாய். வீதிக்கு விரட்டப்படுவதும் நாயே. கற்பித்த நாமோ வீட்டிற்குள் இருப்போம்! இது நீதியா?

பல் பட்டுத் தோல் சிறிது கீறினாலும் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. நாய்க்கும் உரிய காலத்தில் தடுப்பூசி போடத் தவறாதீர்கள்.

நண்பர்களே! வலிமையை அடக்கி ஆடுவதே விளையாட்டு. அதை நாயும் கற்கும். முதலில் நாம் கற்போம்.